காலங்கடத்தியவர் யார்?

“இத்தனை நாள் எங்கேயம்மா போயிருந்தாய்?”

ஐந்தாம் திங்களிலோ ஆறாம் திங்களிலோ அரசு மருத்துவமனையின் மகப்பேறுப் பகுதிக்கு வந்து நின்று, கருவைக் கலைத்துவிட வேண்டும் என்று மெல்லிய குரலிலே கேட்கும் பெண்ணை நோக்கி வீசப்படும் முதற் கேள்வி இது. மருத்துவர் கேட்கிறார். செவிலியர் கேட்கிறார். சீட்டு எழுதுபவர் கேட்கிறார். கூடவந்த அத்தையும், தான் ஏதோ இன்றுதான் கேள்விப்பட்டவள்போல, அவர்களோடு சேர்ந்து கேட்கிறாள். கேள்வியிலே வியப்பு குறைவு; குற்றச்சாட்டு மிகுதி. அவள் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாள். பதில் இல்லாததாலா? இல்லை, தோழர்களே! பதிலைச் சொல்லத் தொடங்கினால் தன்னைப்பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. வீட்டைச் சொல்ல வேண்டும், தெருவைச் சொல்ல வேண்டும், வேலை செய்யும் ஆலையைச் சொல்ல வேண்டும், காவல் நிலையத்தைச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிற மருத்துவமனையையே சொல்ல வேண்டும். அவ்வளவையும் கேட்க அங்கே யாருக்கு நேரம்?

அவள் சொல்லாத அந்தப் பதிலைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள்முன் எடுத்துவைக்க எண்ணுகிறேன். “அரசியல் ஏட்டிலே இதையா எழுதுவது?” என்று முகஞ்சுளிப்பவர் நம்மிலேயும் சிலர் இருக்கக்கூடும். விலைவாசியைப்பற்றி எழுதினால் அரசியல். வேலையில்லாத் திண்டாட்டத்தைப்பற்றி எழுதினால் அரசியல். ஒரு பெண்ணின் வயிற்றைப்பற்றி எழுதினால் மட்டும் அது வீட்டு விவகாரமாம்! அந்த வீட்டு விவகாரத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, உச்சநீதிமன்றம் அமர்வு கூட்டியிருக்கிறது, தண்டனைச் சட்டத்திலே சிறை இருக்கிறது. இதைவிட அரசியல் வேறென்ன வேண்டும்?

முதலிலே சட்டத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1860இல் வெள்ளையர் வகுத்த தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. கரு அசையத் தொடங்கிய பின்னர் என்றால் ஏழாண்டு வரை என்றது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவின்படி குற்றவாளியே. வெள்ளையன் போனான்; பிரிவு போகவில்லை. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், 88ஆம் பிரிவு என்ற புதுச்சட்டையை மாட்டிக்கொண்டு அதே குற்றம் அமர்ந்திருக்கிறது.

இடையிலே, சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைக்கப்பட்ட குழு 1966இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. “பெண்ணே, உன் உடல் உன்னுடையது” என்று அந்தச் சட்டம் சொல்லிற்றா? அப்படி ஒரு வரி அதில் எங்கும் இல்லை. இன்னின்ன நிபந்தனைகளின்படி செய்தால் மருத்துவர் தண்டிக்கப்பட மாட்டார் என்றுதான் சொல்லிற்று. பாதுகாப்பு மருத்துவருக்கு; அதன் நிழலிலே பெண்ணும் ஒதுங்கிக்கொள்ளலாம். 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரு மருத்துவர் என்று அன்று வரையறுத்தார்கள். 2021இல் திருத்தினார்கள்: 20 வாரம் வரை ஒருவர், 24 வாரம் வரை இருவர். ஆனால் 20க்கும் 24க்கும் இடைப்பட்ட அந்த நான்கு வாரம் எல்லாப் பெண்களுக்கும் அல்ல. வன்கொடுமைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கருவுற்றிருக்கும்போது கணவனை இழந்தவர் அல்லது மணவிலக்குப் பெற்றவர், மாற்றுத்திறனாளி, மனநலம் பாதிக்கப்பட்டவர், பேரிடரில் சிக்கியவர் என்று விதிகளிலே பட்டியல் உண்டு. 24 வாரம் கடந்துவிட்டால், கருவிலே கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். அல்லது தாயின் உயிரைக் காக்க அந்தக் கணமே தேவை என்ற நிலை வேண்டும். இவை எதிலும் அடங்காதவள் நீதிமன்றப் படியேற வேண்டும்.

ஆக, சட்டம் வாரங்களை எண்ணுகிறது. எண்ணட்டும். அந்த வாரங்களைச் செலவழித்தவர் யார் என்று மட்டும் அது கேட்பதே இல்லை.

இந்த வாரக் கணக்கே விந்தையானது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். கரு உண்டாவதற்கு முன்பே இரண்டு வாரம் அவள் கணக்கில் ஏறிவிடுகிறது. “தள்ளிப்போயிற்றே” என்று ஒருத்தி விரல்விட்டு எண்ணும் நாளிலே நான்கு வாரம் கழிந்துவிட்டது. அதுவும் மாதந்தவறாமல் விலக்கு வருபவளுக்கு! சோகையும் பசியும் தின்ற உடம்பிலே விலக்கு எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யார் கண்டது? பருவமடைந்து சில திங்களே ஆன சிறுமிக்கும், விலக்கு நிற்கும் வயதை நெருங்கியவளுக்கும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கும் எந்த நாளை வைத்து எண்ணுவது?

2023 அக்டோபரிலே உச்சநீதிமன்றத்தின்முன் வந்த வழக்கை நினைவுகூருங்கள். இரண்டு பிள்ளைகளின் தாய். இளைய பிள்ளைக்கு அப்போது ஏறத்தாழ ஓராண்டு. பாலூட்டிக்கொண்டிருந்தவள். அந்தக் காலத்திலே விலக்கு நின்றிருப்பது இயற்கை. “பால் கொடுக்கும்வரை பயமில்லை” என்று ஊரெல்லாம் சொல்வதும் வழக்கம். கருவுற்றதை அவள் அறிந்தபோது ஏறத்தாழ 24 வாரம் ஆகியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் வந்த மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தவள் அவள். இன்னொரு பிள்ளையைத் தாங்க உடம்பிலும் வலுவில்லை, உள்ளத்திலும் வலுவில்லை, வீட்டிலும் வசதியில்லை என்றாள். அக்டோபர் 9ஆம் நாள் அனுமதி கிடைத்தது. கரு வெளியே வந்தால் உயிர்வாழக் கூடும் என்று மருத்துவர் ஒருவர் எழுதவே, 11ஆம் நாள் இரு நீதிபதிகள் இரு வேறு கருத்துக் கொண்டனர். 16ஆம் நாள் மூவர் அமர்வு மறுத்துவிட்டது. அதற்குள் 26 வாரம் கடந்து ஐந்து நாள்.

அந்த அமர்வு கொண்ட தயக்கம் அற்பமானது என்று சொல்லமாட்டேன். 26 வாரக் கரு உயிர்வாழக் கூடும் என்பது மருத்துவ உண்மை. அதை மறுத்து வாதிலே வெல்ல வேண்டிய தேவை நமக்கில்லை. நான் கேட்பது, அதற்கு முன்னே கழிந்த 24 வாரத்தைப்பற்றி. பாலூட்டும் தாய் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை வருகிறாள்! பிள்ளையின் எடையைப் பார்க்கிறோம், பிள்ளைக்குச் சளியா என்று கேட்கிறோம், அட்டையிலே குறிக்கிறோம். “உனக்கு எப்படியம்மா இருக்கிறது? தடுப்பு முறை ஏதேனும் வேண்டுமா? ஐயமிருந்தால் ஒரு சோதனை செய்துவிடலாமே” என்று அந்தத் தாயைப் பார்த்து எத்தனை இடத்திலே கேட்கிறோம்? கேட்டிருந்தால் ஆறாம் வாரத்திலே முடிந்திருக்கும் வேலை, உச்சநீதிமன்றம் வரை போயிருக்காது.

சிறுமியர் கதை இதைவிடக் கொடிது. சண்டிகரிலே 2017இல் பத்து வயதுப் பிள்ளையை வயிற்றுவலி என்று மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். ஏழு திங்கள் அளவு கரு! காலங்கடந்துவிட்டது என்று உச்சநீதிமன்றம் அனுமதி மறுத்தது. ஆகஸ்டிலே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். வயிற்றிலே கல் இருந்தது, எடுத்துவிட்டோம் என்று அந்தக் குழந்தையிடம் சொன்னார்களாம். அவளிடம் போய்க் கேளுங்களேன், “இத்தனை நாள் எங்கேயம்மா போயிருந்தாய்” என்று! அந்த வயதுப் பிள்ளை எங்கே போயிருப்பாள்? பள்ளிக்குப் போயிருப்பாள், பாண்டி ஆடப் போயிருப்பாள். தன் உடம்பிலே நடப்பது இன்னதென்று அறியாதவளுக்கு நாளும் தெரியாது, வாரமும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் உண்டு. இத்தகைய கொடுமைகளிலே அவன் பெரும்பாலும் வீட்டுக்குள்ளோ அடுத்த வீட்டிலோ இருப்பவன். அவன் வாய் திறக்கமாட்டான்; அவளையும் திறக்கவிடமாட்டான்.

சற்றே வளர்ந்த பெண், 17 வயதினள், தன் விருப்பத்தோடு ஒருவனைக் காதலித்துக் கருவுற்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவளிடம் கொண்ட உறவு குற்றம். அதை அறிந்த மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே சிறை. சிறுமியரைக் காக்க வந்த சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவமனை வாசலிலே காக்கிச்சட்டை நிற்கும் என்ற அச்சம் பரவிய பிறகு, எந்தத் தாய் மகளை அங்கே அழைத்துவருவாள்? சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எத்தனை ஊரிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆகவே கைவைத்தியம், கடை மாத்திரை, இரவோடிரவாக வேறூர் உறவினர் வீடு என்று நாட்கள் உருள்கின்றன.

அதே நாளிலே அதே தீர்ப்பிலே இன்னொன்றும் சொல்லப்பட்டது. 25 வயதுப் பெண், மணமாகாதவள், உழவர் குடும்பத்திலே ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். மணப்பேன் என்றவன் கைவிட்டுப் போனான். அவள் நீதிமன்றம் வந்தபோது 22 வாரம் கடந்திருந்தது. கணவனை இழந்தவளுக்கு 24 வாரம் உண்டாம், காதலன் கைவிட்டவளுக்கு 20 வாரம்தானாம்! தில்லி உயர்நீதிமன்றம் விதியைக் காட்டி மறுத்தது. உச்சநீதிமன்றமோ, மணமானவளுக்கும் ஆகாதவளுக்கும் இதிலே வேறுபாடு காட்டக்கூடாது என்று தீர்த்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் தாமதத்தின் வேர் எங்கே இருக்கிறது பாருங்கள். மணமானவள் வாந்தியெடுத்தால் வீடே இனிப்பு வாங்கப் போகிறது. மணமாகாதவள் வாந்தியெடுத்தால் அவள் முந்தானையை வாயிலே அடைத்துக்கொள்கிறாள். நம் கிராமச் சுகாதாரச் செவிலியர் எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை மாமியாருக்கு முன்பே அறிந்து பதிவுசெய்து விடுகிறார்; தமிழ்நாட்டுக்கு அதிலே பெருமை உண்டு. அதே செவிலியர் தெருவிலே வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிற பெண் ஒருத்தி அதே தெருவிலே இருக்கிறாள். அவன் மணந்துவிடுவான், அடுத்த மாதம் வீட்டிலே பேசுவான், தை பிறந்தால் வழி பிறக்கும் என்று அவள் காத்திருந்த வாரங்களெல்லாம் யார் கணக்கு?

துணிந்து வந்தவள் கதை என்ன? கணவன் கையெழுத்து எங்கே என்கிறார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, தோழர்களே! 18 வயது நிரம்பிய பெண்ணின் இசைவு ஒன்றே போதும் என்பதுதான் 1971 முதல் சட்டம். மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் சிறுமியருக்கும் மட்டுமே காப்பாளர் இசைவு தேவை. இருந்தும் கணவனை அழைத்துவா என்கிறார்கள். அவன் கேரளத்திலே கட்டட வேலையில் இருப்பான், அல்லது அவன் அடிக்கு அஞ்சித்தான் அவள் வந்தே இருப்பாள். குடும்பக்கட்டுப்பாடு அறுவைக்கு ஒப்புக்கொண்டால்தான் செய்வோம் என்று பேரம் பேசும் இடங்களும் உண்டு. மூன்று திங்கள் தாண்டிவிட்டால் சிறிய மருத்துவமனைகளிலே வசதியில்லை. மாவட்டத் தலைநகருக்குப் போ என்று சீட்டு எழுதித் தருவார்கள். ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்புகிறாள். தனியாரிடம் போகலாம் என்றால், கரு வளர வளரக் கட்டணமும் வளருகிறது. பணத்தைப் புரட்டும் நாட்களிலே கரு மேலும் வளருகிறது, கட்டணமும் மேலும் ஏறுகிறது. கந்துவட்டிகூட இவ்வளவு விரைவாகக் குட்டி போடாது!

மேற்கு மாவட்டத்து நூற்பாலை விடுதிகளிலே அடைபட்டு, மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற ‘சுமங்கலி’ ஒப்பந்தங்களின் கீழ் உழைத்த பெண்களை நாம் அறிவோம். விடுதி வாயிலைத் தாண்டவே மேற்பார்வையாளர் இசைவு வேண்டும் என்ற இடத்திலே ஒருத்திக்கு ஐயம் எழுந்தால் எந்த மருத்துவரிடம், எந்தக் கிழமையில் போவாள்?

ஆகவேதான் கடை மாத்திரை. 2015ஆம் ஆண்டிலே இந்தியாவில் ஏறத்தாழ ஒரு கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஆய்வாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். அவற்றிலே நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை வாங்கி உண்டதால் நடந்தவை. முறையாக, உரிய வாரத்திலே உண்டால் அந்த மாத்திரை பயனுடையதே. எத்தனை வாரம் என்று அறியாமல், எத்தனை மாத்திரை என்று கேளாமல் உண்டவளுக்குச் சிறிது உதிரம் படும். முடிந்தது என்று நிம்மதி கொள்வாள். இரண்டு திங்கள் கழித்து வயிறு அசையும்போதுதான் உண்மை விளங்கும். அவளைத்தான் கேட்கிறார்கள், எங்கே போயிருந்தாய் என்று.

இனி, நாம் பேசக் கூசும் ஒன்று. ஸ்கேன் மூலம் ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரிய மூன்று திங்களாவது கடக்க வேண்டும். ஆகவே பெண் என்று அறிந்து அழிப்பது என்றாலே அது காலங்கடந்த கருக்கலைப்புத்தான். உசிலம்பட்டியின் பெயரும் சேலம் மாவட்டத்தின் பெயரும் பெண்சிசுக் கொலையால் நாடெங்கும் அடிபட்டதையும், 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்திலே தொடங்கப்பட்டதையும் மறந்துவிட முடியுமா? கள்ளிப்பால் போனது, ஸ்கேன் வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் அறிவதைத் தடை செய்தது சரியே. அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒரு நுட்பமான உண்மையை ஒப்புக்கொள்கிறது: சோதனைக்கு வந்த பெண், மாறாகச் சான்று காட்டப்படாதவரை, கணவனாலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டவள் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் நடைமுறையிலே என்ன காண்கிறோம்? பாலினச் சோதனை நடத்துபவன் ஊர்தியிலே கருவியை ஏற்றிக்கொண்டு தப்பிவிடுகிறான். அதிகாரிகளுக்கு அஞ்சும் மருத்துவர்கள் நான்காம் திங்களில் வரும் ஒவ்வொருத்தியையும் ஐயக் கண்ணால் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கணவன் இறந்தவளும் திரும்புகிறாள், கெடுக்கப்பட்டவளும் திரும்புகிறாள். வரதட்சணை கேட்ட வீட்டின் பாவத்தை வழியிலே போனவள் சுமக்கிறாள்.

இவ்வளவும் கடந்து நீதிமன்றம் வந்தால் அங்கேயும் நாட்காட்டிதான். குசராத்திலே 2023 ஆகஸ்டிலே, வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தியின் மனு, மருத்துவக் குழுவின் அறிக்கை வந்த பின்னரும் 12 நாள் தள்ளிவைக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 19ஆம் நாள், சனிக்கிழமையிலே தனி அமர்வு கூட்டி, விலைமதிப்பில்லாத நாட்கள் வீணாயின என்று கண்டித்து, 21ஆம் நாள் அனுமதி தந்தது. அதற்குள் 27 வாரம் கடந்துவிட்டது. கருவின் குறைகளைக் காட்டும் ஸ்கேன் எடுப்பதே 18 முதல் 20ஆம் வாரத்திலே என்பதை அறிவீர்கள். 2008இல் மும்பையிலே ஒரு தம்பதியர், கருவின் இதயத்திலே கோளாறு என்பது 20 வாரம் கடந்த பின்னரே தெரிந்ததால் உயர்நீதிமன்றம் போனார்கள். சட்டம் இடந்தரவில்லை என்று மறுக்கப்பட்டது. சில நாட்களிலே கரு தானாகவே சிதைந்தது. அத்தகையோருக்கு வழிதிறக்கும் திருத்தம் எப்போது வந்தது? 2021இல். அந்தத் தாய் தாமதித்தது சில வாரம். நாடாளுமன்றம் தாமதித்தது 13 ஆண்டு!

கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் வாதாடியபோது, நாட்டின் வறுமைக்காக, மக்கள்தொகைக்காக என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களை அவர் முதன்மையாகக் கொள்ளவில்லை; பெண்ணின் விடுதலைக்காக என்றார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே அதற்கென்றே ஒரு கட்டுரை உண்டு. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலே, தடுப்பு முறை தவறியதால் வந்த கருவுக்கு விலக்குக் கேட்க “மணமான பெண்” என்று இருக்க வேண்டியிருந்தது. “எந்தப் பெண்ணும்” என்று மாற 50 ஆண்டு பிடித்தது.

கருவைக் காலங்கடந்து கலைப்பது எந்தப் பெண்ணுக்கும் விருப்பமான செயல் அன்று. வாரம் ஏற ஏற வலியும் ஏறுகிறது, இடரும் ஏறுகிறது. இந்நாட்டுக் கருக்கலைப்புகளிலே பெரும்பாலானவை முதல் மூன்று திங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. வசதியுள்ள வீட்டுப் பெண், தள்ளிப்போன மறுநாளே கடையிலே சோதனைப் பட்டை வாங்கி, அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிடுகிறாள். எஞ்சிக் காலங்கடந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் யார்? சிறுமியும், ஏழையும், கைவிடப்பட்டவளும், ஊரைவிட்டுத் தொலைவிலே உழைப்பவளும்தான்.

இப்போது நம்மிடம் வருகிறேன். கிளைச் செயலாளராக இருக்கும் தோழர் ஒருவர் வீட்டுக்கு, இரவு பத்து மணிக்குமேல், ஒரு தகப்பன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு நிற்கிறான். மகள் காரியம் என்கிறான். நாம் என்ன செய்கிறோம்? பையன் வீட்டாரை அழைத்துவரச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் நம் ஆட்கள், வெளியே தெரிந்தால் இயக்கத்துக்குக் கெட்டபெயர், பேசித் தீர்க்கலாம் என்கிறோம். பையனின் மாமன் வெளியூர். அவன் வந்த பிறகு பேசலாம். இடையிலே கோயில் கொடை, அப்புறம் நம் மாநாடு. பெண்ணை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பேச்சு நடப்பது அவள் வயிற்றைப்பற்றி, பேசுவோர் ஏழெட்டு ஆண்கள். நான்கு வாரம், ஆறு வாரம் இப்படிப் போகிறது. கடைசியிலே பேச்சு முறிகிறது. தகப்பன் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறான்.

அடுத்த முறை அந்தத் தகப்பன் வந்தால், மகளிர் அணித் தோழர் ஒருவரை அப்போதே அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதை அவள் வாயால் கேட்டு வரட்டும். அவள் கேட்டால், விடிந்ததும் முதல் பேருந்திலே அவளோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போங்கள். கணவன் கையெழுத்தோ மணச்சான்றோ அங்கே கேட்டால் சட்டத்தின் மூன்றாம் பிரிவைக் காட்டுங்கள். அவள் பெயரை வெளியிடுவது குற்றம் என்று 2021இல் சேர்த்த 5அ பிரிவையும் காட்டுங்கள். பையன் வீட்டாரோடு பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.